தொம் என்று கேட்ட இடம்

மார்ச் 3, திங்கள்

முற்றத்துச் சுவரில் பலகை அடித்துவிட்டார்கள். நீலப் பலகை, வெள்ளை எழுத்து, மூலைக்கு ஒரு திருகாணி. குடியிருப்போர் சங்கச் செயலாளரே ஏணி போட்டு ஏறி அடித்ததால் வலது பக்கம் ஒரு விரல் தாழ்ந்திருக்கிறது. முப்பது வருடம் கொத்தனார் வேலை பார்த்த கண்ணுக்கு அது உறுத்துகிறது.

"பெரியவரே, இதுல இருக்கறதுதான் இனிமே சட்டம். கேட்டுல இருக்கற நீங்கதான் பாத்துக்கணும்" என்றார்.

"என்ன சார் போட்டிருக்கு?"

"படிச்சுப் பாருங்க."

எனக்குப் படிக்கத் தெரியாது என்பது இந்தக் கட்டடத்தின் இருபத்து நாலு வீட்டுக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். நான் எதற்குச் சிரித்தேன் என்று அவருக்குத் தெரியாது. படிக்கத் தெரியாதவனைப் பலகைக்குக் காவல் வைத்தது அவர்தானே, நானா?

இதை நான் சொல்லச் சொல்ல என் தங்கச்சி எழுதுகிறாள். படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் ஒற்றை அறையில் நாங்கள் இரண்டு பேர், அவளுடைய தையல் மெஷின் மூன்றாவது ஆள். இது அவளுடைய பழைய அளவு நோட்டு. முதல் பாதி முழுக்க யார் யாருடைய தோளும் இடுப்பும். போன மாதத் தண்ணீர்த் தகராறில் நான் தேதி, கிழமை, நேரம் எல்லாம் வாயால் சொன்னேன். "எழுத்துல இருக்கா?" என்று கேட்டார் செயலாளர். அன்று இல்லை. இன்று முதல் இருக்கிறது.

"நீ பேசறத அப்படியே எழுதினா நோட்டு நாறிடும், நான் கொஞ்சம் துவைச்சுத்தான் போடுவேன்" என்கிறாள் தங்கச்சி. துவைக்கட்டும். "ஆனா நீயா எதையும் சேக்கக் கூடாது" என்றேன்.

"சேத்தா உனக்கு எப்படித் தெரியும்?"



பலகையில் இருப்பது இதுதான். அவள் போய்ப் படித்துவிட்டு வந்து சொன்னாள்: 'முற்றத்தில் சத்தம் போட்டு விளையாடக் கூடாது. மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும்.'

மார்ச் 4, செவ்வாய்

பதினெட்டுப் பிள்ளைகள் இருக்கும் கட்டடம். மாலை ஐந்து மணிக்கு ஒன்றுகூடக் கீழே இறங்கவில்லை. முற்றத்தில் ஒரு காக்காய் மட்டும் இப்படியும் அப்படியும் நடந்தது. அதற்கும் என்னைப் போல எழுத்து தெரியாது போலிருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

எனக்குப் பிள்ளைகள் என்றால் உயிர் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மதியத் தூக்கத்தைக் கெடுப்பார்கள். பந்தால் என் நாற்காலியின் ஒரு காலை உடைத்தார்கள். கட்டெறும்பு என்று ஒரு பயல், இரண்டாம் மாடி, அவன் இல்லாத வம்பு இல்லை. ஆனால் மூன்று நாளாகக் கட்டடம் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது. நேற்று மட்டும் மூன்று வீட்டில் பிள்ளைக்கு அடி விழுந்த சத்தம் கேட்டேன். கீழே ஓட விடாவிட்டால் உள்ளே உதைக்கும். உள்ளே உதைத்தால் அம்மா கை ஓங்குவாள். இது தெரிய இஸ்கூலுக்குப் போக வேண்டியதில்லை.

என் கவலை மூட்டைமேல்தான். அது நான் வைத்த பெயர்.

மூன்றாம் மாடி நர்சம்மாவின் மகள் அவள். ஒன்பது வயது. அப்பன் எட்டு மாதத்துக்கு முன்பு ஒரு பெட்டியோடு போனான், திரும்பி வரவில்லை. கேட்டைத் திறந்துவிட்டது நான்தான். காலை ஆறு நாற்பது, சாம்பல் சட்டை, "வரேன் பெரியவரே" என்றான். வரவில்லை. அன்று முதல் அந்தப் பெண் பேச்சைக் குறைத்துக்கொண்டது. அம்மா வேலைக்குப் போனதும் படிக்கட்டில், என் நாற்காலிக்கு நாலு படி மேலே, முழங்காலைக் கட்டிக்கொண்டு மூட்டையாக உட்கார்ந்துவிடும். நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனி சிவந்திருக்கும். மற்றதுகள் ஆடுவதை வேடிக்கை பார்க்கும். போன சனிக்கிழமை எழுந்து போய் ஓரமாக நின்றது. இரண்டாம் நாள் கயிற்றைத் தொட்டது. நான் பார்த்தும் பார்க்காதது போல இருந்தேன்.

மூன்றாம் நாள் பலகை வந்துவிட்டது.

மார்ச் 9, ஞாயிறு

இன்று நடந்ததைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

மாலை ஐந்துக்குப் பதினெட்டும் இறங்கின. செருப்பைப் படிக்கட்டில் வரிசையாகக் கழற்றிவிட்டுக் கட்டெறும்பு முன்னால் வந்து என் முகத்துக்கு நேராக விரலை உதட்டில் வைத்தான்.

"தாத்தா, சத்தம் போட்டு விளையாடக் கூடாதுன்னுதான போட்டிருக்கு?"

"எனக்கு எப்படிடா தெரியும்? எனக்குப் படிக்கத் தெரியாது."

"சத்தம் போடாம விளையாடலாம்ல?"

தொட்டுப் பிடிக்கிற ஆட்டம். ஆனால் ஒரு வார்த்தை கிடையாது. பிடிபட்டவன் இரண்டு கையையும் தூக்க வேண்டும். சிரிப்பு வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் முட்டிக்கொள்ள வேண்டும். வெறுங்காலோடு பதினெட்டுப் பிள்ளை ஓடுகிறது, மூச்சு இரைக்கும் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. மழை தரையைத் தொடாமல் பெய்தால் எப்படி இருக்கும், அப்படி.

பத்து நிமிடத்தில் மாடி ஜன்னல் ஒவ்வொன்றாகத் திறந்தது. சத்தத்துக்குத் திறக்காத ஜன்னலெல்லாம் அமைதிக்குத் திறந்தது! செயலாளரும் வந்தார். பலகையைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன பெரியவரே இது?"

"ஒண்ணுமில்லையே சார். உங்களுக்கு ஏதாவது கேக்குதா?"

உள்ளே போய்விட்டார்.

ஊமை ஆட்டத்துக்கு மூட்டையும் வந்தாள். வருவாள் என்று நினைத்தேன். பேச வேண்டாத ஆட்டம் அவளுக்கு என்றே செய்தது மாதிரி இருந்தது.

மார்ச் 12, புதன்

பலகையில் இரண்டாவது வரி ஏறியிருக்கிறது. செயலாளரே தூரிகையோடு நின்று எழுதினார். தங்கச்சி படித்தாள்: 'முற்றத்தில் ஓடக் கூடாது.'

மாலை பதினெட்டும் ஒற்றைக் காலில் நொண்டின.

நொண்டுவது ஓடுவதில் சேருமா என்று கட்டெறும்பு அவரிடமே போய்க் கேட்டிருக்கிறான், மரியாதையாக, கையைக் கட்டிக்கொண்டு. "பலகையில இடம் பத்தாதுடா" என்று கத்தினாராம். கத்தினது அவர்தான். சத்தம் போட்டால் நடவடிக்கை என்று பலகையிலேயே இருக்கிறதே, அவர்மேல் யார் எடுப்பது?

மார்ச் 13, வியாழன்

தங்கச்சி கேட்டாள், "உனக்கு எதுக்கு அண்ணா இந்த வேண்டாத வேலை? சும்மா இருந்தா இந்த ரூமாவது மிஞ்சும்."

அதற்குப் பதிலை இங்கே சொல்கிறேன், எழுதிக்கொள்.

எனக்கு எட்டு வயதில் செங்கல் சுமக்க அனுப்பினார்கள். நான் போனதால் நீ அஞ்சாவது வரை படித்தாய். அதைச் சொல்லிக்காட்டவில்லை. சொல்ல வந்தது வேறு. நான் விளையாடியது வாழ்க்கையில் ஒரே ஒரு சாயங்காலம். வேலை நடந்த இடத்தில் லாரி புது மணல் கொட்டிவிட்டுப் போனது. இடுப்பு உயரம் இருக்கும், எனக்கு மலை. மேஸ்திரி டீ குடிக்கப் போயிருந்தார். நானும் இன்னொரு பயலும் உச்சியில் ஏறி உருண்டோம். காதிலும் மூக்கிலும் மணல். ஏறினோம், உருண்டோம். நாலு தடவை. நாலாவது தடவை கீழே வந்து விழுந்தபோது மேஸ்திரியின் கால் தெரிந்தது. கலவைக் கரண்டியின் பின்பக்கத்தால் முதுகில் ஒன்று விட்டார். "மணல் சிதறுது" என்றார்.

அறுபத்தாறு வருடம் ஆகிவிட்டது. அடி வலித்த இடம் எங்கே என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். உருண்ட அந்த நாலு தடவையும் அப்படியே இருக்கிறது. இதுதான் காரணம். போதுமா?

தங்கச்சி எழுதுவதை நிறுத்திவிட்டு மெஷினுக்கு எண்ணெய் போடப் போய்விட்டாள்.

மார்ச் 15, சனி

நர்சம்மா வேலை முடிந்து வந்து, யூனிஃபார்மோடு நேராக முதல் மாடிக்குப் போய்ச் செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டினாள். நான் தபால் கொடுக்கிற சாக்கில் பின்னாலேயே போனேன். கையில் டாக்டர் சீட்டு.

"சார், எம் பொண்ணு ராத்திரில தூங்கறதில்ல. சாப்பாடு இறங்கறதில்ல. மருந்து எழுதிக் குடுப்பாருன்னு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவரு என்ன எழுதிக் குடுத்திருக்காரு தெரியுமா? படிங்க."

அவர் படிக்கவில்லை. அவளே படித்தாள்.

"'தினமும் ஒரு மணி நேரம் மற்ற பிள்ளைகளோடு வெளியில் ஓடி ஆட விடவும்.' அவ்ளோதான். மருந்துக்கடையில கிடைக்காது சார் இது. கீழ முற்றத்துலதான் கிடைக்கும்."

"பார்க்குக்குக் கூட்டிட்டுப் போங்களேன்மா."

"ரெண்டு பஸ் மாறணும். நான் ட்யூட்டிக்குப் போனா யாரு கூட்டிட்டுப் போறது? நீங்க போறீங்களா?"

கதவு சாத்திக்கொண்டது. அவள் கீழே வந்து அந்தச் சீட்டைப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினாள். ஒட்டுவதற்குக் கோந்து கொடுத்தது யார் என்று செயலாளர் விசாரித்தால், எனக்குக் கோந்து என்றால் என்னவென்றே தெரியாது.

மார்ச் 16, ஞாயிறு

கூட்டம். முற்றத்திலேயே நாற்காலி போட்டார்கள். பிறகுதான் தெரிந்தது, இந்தப் பலகை ஆட்டமெல்லாம் எதற்காக என்று. சத்தம் ஒரு சாக்கு. முற்றம் முழுவதையும் கார் நிறுத்தும் இடமாக்கப் போகிறார்களாம். வெள்ளைக் கோடு போட ஆள் சொல்லியாயிற்று. வருகிற முப்பத்தொன்றாம் தேதி. பத்துக் கார் நிற்கும். முதல் கார் செயலாளருடையது.

நான் காவல்காரன், கூட்டத்தில் பேசக் கூடாது. பேசினேன்.

"சார், இங்க கார் ஏறக் கூடாது. கீழ தொட்டி இருக்கு."

எல்லோரும் திரும்பினார்கள்.

இந்தக் கட்டடத்தைக் கட்டிய கைகளில் இரண்டு என்னுடையவை. முப்பத்து நாலு வருடத்துக்கு முன், எனக்கு நாற்பது வயது. அப்போது குழாய்த் தண்ணீர் கிடையாது, லாரித் தண்ணீர்தான். முற்றத்துக்கு அடியில் தொட்டி கட்டினோம். மூடுகிற தளத்துக்குக் கம்பி கட்டும்போது நான் இன்ஜினியரிடம் கேட்டேன், கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் என் கையே நுழைகிறதே, தாங்குமா என்று. அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "மேல குழந்தைங்கதான்யா ஓடப் போறாங்க. லாரியா ஏறப் போகுது?" நாலு அங்குலம் கனம், அவ்வளவுதான். பிறகு குழாய் வந்தது. தொட்டி சும்மா கிடந்தது. மேலே கல் பதித்தார்கள். பதித்தபோது நான் காலை உடைத்துக்கொண்டு ஒன்றரை மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். திரும்பி வந்து பார்த்தால் தொட்டியின் இரும்பு மூடியே தெரியவில்லை, எல்லாம் ஒரே கல்லு.

"வரைபடத்துல அப்படி எதுவும் இல்லையே" என்றார் செயலாளர்.

"கட்டினது நான் சார். வரைபடம் இல்ல."

"எழுத்துல இருக்கா?"

"மூடி எங்க இருக்குன்னு சொல்றேன். கேட்டுத் தூண்லேருந்து நேரா பன்னெண்டு எட்டு, படிக்கட்டுப் பக்கமா மூணு எட்டு. நாந்தான் மூடியை வெச்சேன்."

சிலர் சிரித்தார்கள். நர்சம்மா எழுந்து, "தோண்டித்தான் பாத்துருவோமே" என்றாள். கட்டெறும்பின் அப்பாவும் சேர்ந்துகொண்டார். செயலாளர் யோசித்தார்.

"ஒரே ஒரு கல்லு. பெரியவர் காட்டற கல்லு. கீழ மூடி இருந்தா காரே வேண்டாம். இல்லேன்னா முப்பத்தொண்ணாம் தேதி கோடும் விழும், பெரியவரும் ரூமைக் காலி பண்ணிடணும். பொய் சொல்ற காவல்காரன் நமக்கு எதுக்கு?"

சரி என்றேன். தங்கச்சி சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றாள்.

பயமா? எனக்கா? ஞாபகத்தில் நான் தப்பியதே இல்லை.

மார்ச் 19, புதன்

காலை பத்து மணி. எல்லார் முன்னாலும் தூணில் முதுகை ஒட்டி நின்று பன்னிரண்டு எட்டு வைத்தேன். திரும்பி மூன்று. "இதான்" என்று காலால் தட்டினேன். கல் பதிக்கிற ஆள் உளியை வைத்துத் தட்டி, கல்லை நெம்பி எடுத்தான்.

கல்லுக்கு அடியில் கலவை. கலவைக்கு அடியில் மண்.

முழங்கை ஆழம் குத்திப் பார்த்தான். மண்தான். மண்புழு ஒன்று நெளிந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். செயலாளர் என் தோளில் கையை வைத்து, "வயசாயிடுச்சு பெரியவரே, அதுல தப்பு ஒண்ணும் இல்ல" என்றார். அந்தக் கையைத் தட்டிவிடக்கூட எனக்குத் தோன்றவில்லை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மூடியை வைத்தேன். இந்தக் கையால் வைத்தேன். கைப்பிடி வளையத்தில் என் சுண்டுவிரல் நசுங்கியது, இதோ நகம் இன்னும் கோணல். பிறகு ஏன் அங்கே மண் இருக்கிறது? நான் இத்தனை வருடம் ஞாபகம் ஞாபகம் என்று சுமந்ததெல்லாம் என்ன, நானாகக் கட்டிக்கொண்டதா? மணல் மேடாவது நிஜமா? அந்தச் சாயங்காலமாவது...

எழுதினது போதும், மூடு.

மார்ச் 20, வியாழன்

இன்று எதுவும் எழுதாதே என்று சொன்னேன். அவள் இதை எழுதிவிட்டாள்.

மார்ச் 22, சனி

தங்கச்சி பாத்திரங்களைத் துணியில் கட்ட ஆரம்பித்துவிட்டாள். மெஷினை எப்படித் தூக்குவது என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் அதே ஊமை ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தன. இன்னும் ஒன்பது நாள் இருக்கிறதே, ஆடட்டும்.

மூட்டை வந்து என் எதிரே நின்றாள். எட்டு மாதத்தில் அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"தாத்தா. அங்க வேற சத்தம்."

எனக்கு இடது காது பாதிதான். "என்னம்மா?" என்றேன்.

"கால் வெச்சா. இங்கல்லாம் டப்புன்னு கேக்குது. அங்க தொம்முங்குது."

"எப்போலேருந்து?"

"சத்தம் போடாம விளையாட ஆரம்பிச்சதுலேருந்து. முன்னாடி கத்தறதுல கேக்காது."

எழுந்தேன். நாற்காலி சாய்ந்தது, தூக்கவில்லை. மற்ற பதினேழையும் ஓரமாக நிற்கச் சொன்னேன். அவள் மட்டும் வெறுங்காலோடு முற்றத்தின் நடுவே போனாள். குதித்தாள். என் நல்ல காதைத் தரையோடு வைத்துப் படுத்தேன். எழுபத்து நாலு வயதுக் கிழவன் முற்றத்தில் குப்புறப் படுத்துக் கிடப்பதை இருபத்து நாலு வீடும் ஜன்னல் வழியாகப் பார்த்தது. பார்க்கட்டும்.

டப். டப். டப். ஒரு கல் தள்ளிக் குதித்தாள். தொம்.

வயிற்றுக்குள் கேட்டது எனக்கு.

"இங்க" என்றாள். கட்டெறும்பு சாக்பீஸால் கோடு போட்டான். "இங்க இல்ல. இங்க. இன்னும் கொஞ்சம். ஐயோ தள்ளுடா, நீ மிதிக்கற!" அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். அவ்வளவு பேச்சு அவளுக்குள் எங்கே இருந்ததோ. கோடு வளைந்து திரும்பி, நாலு மூலையும் சேர்ந்து ஒரு பெரிய பெட்டி ஆனது. அளந்து பார்க்காமலே தெரிந்தது. நான் கட்டிய தொட்டி. கேட்டுப் பக்கத்து மூலை, மூடி இருக்கும் மூலை, நான் அன்று காட்டிய கல்லிலிருந்து இரண்டரை எட்டு தள்ளி.

அப்போதுதான் உறைத்தது. பன்னிரண்டு எட்டு சரி. எட்டு வைத்த கால் நாற்பது வயதுக் கால். இப்போது இருப்பது உடைந்து ஒட்டிய கிழட்டுக் கால். என் எட்டு சுருங்கிவிட்டது, எனக்குத் தெரியவில்லை! ஞாபகம் தப்பவில்லை. கால்தான் தப்பியது.

தரையில் கிடந்தபடியே சிரித்தேன். சத்தமாகத்தான்.

மார்ச் 23, ஞாயிறு

செயலாளரிடம் இன்னொரு கல் கேட்கலாம் என்றாள் தங்கச்சி. நான் கேட்கவில்லை. வேலையிலிருந்து எடுத்தாயிற்று, இனி என்னை என்ன செய்ய முடியும்? கட்டிலுக்கு அடியிலிருந்து என் பழைய உளியையும் சுத்தியலையும் எடுத்தேன். துரு. தேய்த்தேன்.

முதல் அடி விழுந்ததுமே அவர் மாடியிலிருந்து இறங்கி வந்தார், கையில் கார்ச் சாவி.

"ஒரு கல்லுன்னுதானே பேச்சு?"

"அது காவல்காரன்கிட்ட பேசின பேச்சு சார். இப்ப நான் காவல்காரன் இல்லையே."

"போலீசைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க சார், சாட்சிக்கு ஆள் வேணும்" என்றாள் நர்சம்மா. அவள் எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள். கட்டெறும்பின் அப்பா கடப்பாரையோடு வந்தார். பிறகு நாலாம் மாடியிலிருந்து ஒரு கிழவர், அவர் ஏன் வந்தார் என்று அவருக்கே தெரியாது, ஆனால் நின்றார்.

கல் பெயர்ந்தது. கலவை பெயர்ந்தது. உளி 'ணங்' என்றது.

இரும்பு. வளையம். வளையத்தின் இடது பக்கம் நான் அன்று சுத்தியலால் நிமிர்த்திய தழும்பு.

மூன்று பேர் சேர்ந்து நெம்பினோம். உள்ளே இருட்டு, ஈர வாடை. கட்டெறும்பு ஒரு கூழாங்கல்லைப் போட்டான். எல்லோரும் காத்திருந்தோம். காத்திருக்கும் அளவுக்கு ஆழம். பிறகு 'ளக்' என்று கீழே எங்கோ கேட்டது.

செயலாளர் எட்டிப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. தன் காரை எங்கே நிறுத்தப் போகிறோம் என்று அவர் மனசுக்குள் குறித்து வைத்த இடம் அதுதான்.

"எழுத்துல இல்ல சார்" என்றேன். "ஆனா இருக்கு."

மார்ச் 27, வியாழன்

இன்ஜினியரம்மா ஒருத்தி வந்து தொட்டிக்குள் விளக்கை இறக்கிப் பார்த்தாள். தளத்தின் அடிப்பக்கம் கம்பி தெரிகிறதாம், துரு. "சின்னப் பசங்க குதிக்கலாம், தாங்கும். கார் ஏத்தினா நேரா கீழதான்" என்றாள். மூடிக்குப் பூட்டுப் போடச் சொல்லி எழுதிக் கொடுத்தாள். எழுத்தில் வந்துவிட்டது. தங்கச்சி மூன்று முறை படித்துக் காட்டினாள். நாலாவது முறையும் கேட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கூட்டம். கோடு கிடையாது, கார் கிடையாது. நான் அறையைக் காலி செய்ய வேண்டியதில்லை, காவல் வேலையும் எனக்கேதான். செயலாளர் இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்துச் சொன்னார். பலகையை என்ன செய்வது என்று கேட்டார்கள். கழற்றுவதாக இருந்தால் நானே நேராகக் கழற்றுகிறேன் என்றேன். கழற்றினேன். இப்போது பிள்ளைகளுக்கு அது ஒரு கோல் கம்பம்.

தங்கச்சி பாத்திர மூட்டையை அவிழ்த்தாள்.

ஏப்ரல் 12, சனி

இன்று மதியம் ஒரு பொட்டுத் தூக்கம் கிடையாது. விடுமுறை விட்டாலும் விட்டார்கள், காலையிலிருந்து ஒரே கூச்சல். அதிலும் ஒரு குரல் மற்ற பதினேழையும் அமுக்கிக்கொண்டு காதைக் கிழிக்கிறது. "அவுட்டு! அவுட்டு! ஏமாத்தாதடா!" யார் என்று எட்டிப் பார்த்தால் மூட்டை. அந்தப் பெயரை மாற்ற வேண்டும். நகத்தை இன்னும் கடிக்கிறாள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடிப்பதற்கு நேரம் கிடைக்க வேண்டுமே.

கயிறு சுற்ற ஒரு ஆள் குறைகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் காவல்காரன், எனக்கு வேலை இருக்கிறது, போகவில்லை என்று எழுதிக்கொள்.

(இது தங்கச்சி. அண்ணன் பொய் சொல்கிறார். இதை அவர் படிக்கப் போவதில்லை, அதனால் எழுதுகிறேன். கயிறு சுற்றப் போனார். பத்து நிமிடம் சுற்றினார். பிறகு அந்தப் பெண் அவர் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டு, "இப்ப நீங்க தாத்தா" என்றாள். சுற்றும் முற்றும் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். கயிற்றை அவருக்காக மிக மெதுவாகச் சுற்றினார்கள். தாண்டினார், தரை தொம் என்றது. நாலு தடவை தாண்டினார். ஐந்தாவதில் கயிறு காலைத் தட்டியது. நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவுட் என்று எல்லோரும் கத்தினார்கள். அவர் நகரவில்லை. "அது கணக்குல வராது, இன்னொரு தடவை" என்றார்.)